ஹார்டும் ஹார்ட்லியும்

கேள்வி: என் மகள் ஆங்கில வினையடைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறாள். ‘ஸ்லோ’வுக்கு ‘ஸ்லோலி’ இருக்கும்போது ‘ஃபாஸ்ட்’டுக்கு ‘ஃபாஸ்ட்லி’ ஏன் இல்லை? ‘ஹார்ட்லி’க்குக் ‘கடினமாக’ என்ற பொருள் ஏன் வரவில்லை? இந்த ‘லி’ எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, வாசுதேவநல்லூர்

பதில்: ‘லி’ ஒரு காலத்தில் உடம்பைக் குறித்த தனிச்சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் சவப்பெட்டியோடு வருபவர்கள் பாதிரியாருக்காகக் காத்து நிற்கும் கூரை வாசலுக்கு இன்றும் ‘லிச்கேட்’ என்றுதான் பெயர். ‘இன்ன வடிவில்’ என்று சொல்ல அந்த உடலைப் பண்புச் சொல்லோடு ஒட்டினார்கள். அது தேய்ந்து ‘லி’ ஆயிற்று. பெயரடைக்கு ‘லீச்’, வினையடைக்கு ‘லீச்செ’ என்று அன்று வேறுபாடு இருந்தது. கடைசி உயிரெழுத்து உதிர்ந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’ இரண்டும் ‘லி’யில் முடிந்தும் பெயரடையாக நிற்பது இதனால்தான்.

‘ஃபாஸ்ட்’டின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் ஓர் ‘எ’ மட்டும் சேர்த்தும் வினையடை ஆக்குவார்கள். அந்த ‘எ’யும் உதிர்ந்தது. எனவே ‘வேகமான’வுக்கும் ‘வேகமாக’வுக்கும் ஒரே சொல் மிஞ்சியது. ‘ஹார்ட்’டும் அப்படியே. அதன் துணை ‘ஹார்ட்லி’ முதலில் வன்மையைக் குறித்து, பிறகு ‘சிரமப்பட்டு’ என்றாகி, கடைசியில் ‘அரிதாகவே’ என்ற பொருளில் நின்றுவிட்டது. தமிழருக்கு இது புதிதல்ல. செய்வதற்குக் கடினமானதும் அரியது, எப்போதாவது கிடைப்பதும் அரியது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பிறகு ‘ஹார்ட்லி’ மறக்காது.

பிரெஞ்சுக்காரர்கள் இதே வேலைக்கு லத்தீனில் மனத்தைக் குறித்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாம் ‘ஆகு’ என்ற வினையிலிருந்து ‘ஆக’வைப் பெற்றோம்: மெதுவாக, அழகாக. ஆங்கிலத்துக்கு உடல், பிரெஞ்சுக்கு மனம், தமிழுக்கு ஆதல். மூன்றில் நம்முடையதே எனக்கு அழகாகப் படுகிறது.

கேள்வி: ‘வெரி’, ‘சூன்’ போன்ற சின்னச் சொற்களுக்கும் இப்படிப் பூர்வீகம் உண்டா?
– அதே வாசகி

பதில்: உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சிலிருந்து வந்தது ‘வெரி’. அதன் முதற்பொருள் ‘மெய்யான’. நம் ‘ரொம்ப’ நிரம்பியதிலிருந்து வந்தது. ‘சூன்’ பழங்காலத்தில் ‘இந்தக் கணமே’ என்று பொருள்பட்டது. ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டுத் தாமதிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டல்லவா? அந்தத் தாமதம் பொருளிலும் ஏறி, ‘சீக்கிரத்தில்’ என்றாகிவிட்டது.

பட்டியலை ஓரமாக வையுங்கள், அம்மா. ‘பைய நட’, ‘வெரசா வா’ என்று உங்கள் பக்கத்தில் வினைக்கு முன்னால் வரும் சொற்களை மகள் நன்றாக அறிவாள். ஒவ்வோர் ஆங்கில வினையடையையும் அப்படி ஒரு முழு வாக்கியத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.