கூத்துக்குத் தனியாகப் போ: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பரீட்சை முடிந்துவிட்டது, கோடை விடுமுறையில் தனியாக எங்காவது போக வேண்டும், நாடகம் பார்க்க வேண்டும், நாலு விதமான மனிதர்களைப் பார்க்க வேண்டும், எங்கே போகட்டும் அத்தை என்று கேட்டிருந்தாய். நகரத்து அரங்குகள் எங்கும் போய்விடாது. எப்போது வேண்டுமானாலும் அங்கே சீட்டு வாங்கி உட்காரலாம். கோடையில் போய்ப் பார்க்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவையொட்டி விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து. அதற்குப் போ. தனியாகவே போ.

தனியாக ஏன் என்றால், கூட ஒருவர் வந்தால் அவரோடு பேசிக்கொண்டிருப்பாய். தனியாகப் போனால் பக்கத்தில் பாய் விரித்திருக்கும் பாட்டியோடு பேசுவாய். கூத்தில் பாதி மேடையில் நடக்கிறது, மீதிப் பாதி அந்தப் பாட்டியின் முகத்தில் நடக்கிறது. இரண்டையும் பார்த்தவர்தான் கூத்தைப் பார்த்தவர். இந்தக் கடிதம் முழுக்க உனக்கு நான் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்.

முதலில் திருவிழாவின் அமைப்பைத் தெரிந்துகொள். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஒவ்வோர் ஊராக பாரதம் நடக்கும். கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் ஒரு கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். மத்தியானத்தில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதத்தை எடுத்துவைத்துப் பாட்டும் பொருளுமாகக் கதை சொல்லுவார். அன்றைக்குப் பகலில் சொன்ன கதை ராத்திரி கூத்தாக வரும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகப் போகும். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி, அதற்குப் பிறகு தருமர் பட்டாபிஷேகம்.

எந்த ஊரில் எப்போது என்று கண்டுபிடிப்பது சிரமமில்லை. அந்தப் பக்கத்து பஸ் நிலையங்களிலும் டீக்கடைச் சுவர்களிலும் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். விழா நோட்டீஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள். எந்த ராத்திரி என்ன கூத்து, எந்த நாடக மன்றம் ஆடுகிறது என்று அதில் அச்சடித்திருக்கும். எல்லா ராத்திரியும் கண்விழிக்க உன்னால் முடியாது. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் என்று மூன்றை எடுத்துக்கொள். பதினெட்டாம் போர் பார்த்த கையோடு அங்கேயே இருந்து காலையில் படுகளத்தையும் பார்த்துவிடு. போவதற்கு முன்னால் ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ படித்துவிட்டுப் போ. அங்கே கதை தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். அந்த முடிவுக்கு நடிகர் எப்படிக் கொண்டுபோகிறார் என்றுதான் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

இப்போது உன் பாதுகாப்பு. ஊருக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர். நேராகக் கோயிலுக்குப் போய் பூசாரியிடமோ விழாக் குழுவினரிடமோ நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்திருக்கிறாய் என்று சொல்லிவிடு. கூத்துப் பார்க்க வந்த பெண் என்று தெரிந்துவிட்டால் உன்னை யாராவது ஒரு வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ராத்திரி பெண்களோடு உட்கார். நடு இரவில் யாருடைய வண்டியிலும் ஏறாதே. விடிந்த பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்துச் செய்யாறிலோ காஞ்சிபுரத்திலோ நீ எடுத்திருக்கும் அறைக்குத் திரும்பு. அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பயணச் செலவு பெரிதாக இருக்காது. இருக்கும் இடத்தை அம்மாவுக்கு போனில் அனுப்பிக்கொண்டே இரு. 112, 181 இரண்டு எண்களும் போனில் இருக்கட்டும். கத்திரி வெயில் நாட்களில் பகல் பன்னிரண்டிலிருந்து வெளியே அலையாதே. பருத்தி உடை, தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், ஒரு போர்வை இவ்வளவு போதும். பகலில் நன்றாகத் தூங்கு. தூக்கம் பாக்கி வைத்துக்கொண்டு கூத்துக்குப் போகாதே.

கூத்து ராத்திரி பத்து மணிவாக்கில் தொடங்கும். நீ எட்டு மணிக்கே போய் வேஷம் கட்டும் இடத்தைத் தேடு. ஒரு பந்தலோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோதான் வேஷ அறையாக இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார். நடிகர்கள் கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தங்கள் முகத்தைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். துரியோதனன் முகம் சிவப்பாகும். கட்டை என்பது லேசான கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டிய அணிகலன். கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் என்று ஒவ்வொன்றாகக் கயிறு இழுத்துக் கட்டக் கட்ட அந்த மனிதரின் பேச்சு குறைந்துகொண்டே வரும். சற்று முன் உன்னிடம் “டீ குடிச்சியாம்மா?” என்று கேட்டவர் கிரீடம் ஏறியதும் உன்னைப் பார்க்கவே மாட்டார். அந்த மாற்றத்தைக் கண்கொட்டாமல் பார்.

கூத்து ஆடும் களரியில் மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம் முழங்கும். கட்டியக்காரன் முதலில் வருவான். அவனை உன் துணையாக வைத்துக்கொள். கூத்துப் பாட்டு உச்சக் குரலில் வரும், பழக்கமில்லாத காதுக்குச் சொற்கள் பிடிபடாது. கட்டியக்காரன் ராஜாவிடம் கேள்வி கேட்டு, அதே சங்கதியை அந்த ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்லிவிடுவான். உள்ளூர் விஷயம், தேர்தல், தண்ணீர்ப் பஞ்சம் எல்லாம் அவன் வாயில் வரும். பாரதத்தையும் இன்றைக்கு நடப்பதையும் ஒரே இடத்தில் நிறுத்துவது அவன்தான்.

துரியோதனன் வருகையை மட்டும் தவறவிட்டுவிடாதே. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். நடுவில் இருக்கும் மனிதர் தெரிய மாட்டார். திரைக்குள்ளிருந்தே பாடுவார், ஆடுவார், தன் பெருமையைச் சொல்லுவார். தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை அம்மாக்கள் தட்டி எழுப்புவது அப்போதுதான். திரை விலகி அவர் கிறிக்கி அடித்துச் சுற்றும்போது கண்ணாடிச் சில்லுகளில் விளக்கொளி தெறித்து எதிரே இருக்கும் முகங்களில் ஓடும். அந்த நேரத்தில் ஒரு நிமிஷம் மேடையிலிருந்து கண்ணை எடுத்துச் சுற்றிலும் பார்.

துகிலுரிதல் ராத்திரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு கலக்கம் இருக்கும். திரௌபதி இங்கே காவியப் பாத்திரம் மட்டும் இல்லை, கோயிலுக்குள் இருக்கும் தெய்வமும் அவளே. அவள் சேலையில் கை வைக்க வேண்டிய துச்சாதனன் வேஷக்காரரும் அதே அம்மனைக் கும்பிடுகிறவர். அதனால் அந்தக் கட்டம் வரும்போது அவர் ஆட்டத்தை நிறுத்துவார். வேஷத்தை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில் சபையைப் பார்த்து, வயிற்றுப் பிழைப்புக்காகவும் கதைக்காகவும்தான் இதைச் செய்கிறேன், தாயே பொறுத்துக்கொள் என்கிற மாதிரி மன்னிப்புக் கேட்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். திரௌபதி வேஷத்தில் இருப்பவரையும் விழுந்து கும்பிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கை நீளும். சில பெண்களுக்கு அருள் வரும், சிலர் தேம்பி அழுவார்கள். நடிப்பு எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பிரிக்க உன்னால் முடியாது. பிரிக்கவும் வேண்டாம். நாடகம் பற்றி நீ படித்த எந்தப் பாடமும் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடாகாது.

ஆட்களைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முறைத்துப் பார்க்காதே. உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு, எந்த இடத்தில் யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று கவனி. முன்வரிசைக் கிழவர் பாட்டுக்காரருக்கு முன்னால் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார், பாட்டு அவருக்கு மனப்பாடம். கடைசியில் பைக் மேல் உட்கார்ந்திருக்கும் பையன்கள் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள், சண்டைக் கட்டம் வந்ததும் போன் பைக்குள் போய்விடும். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் திருவிழாவுக்கென்றே லீவு போட்டு வந்திருப்பார்கள். இரண்டு, மூன்று மணிக்குக் கூட்டம் கலையும். அப்போதும் அசையாமல் இருப்பவர்கள்தான் கூத்தின் உண்மையான சபை. அவர்களோடு இரு. குறிப்பு எழுதுவதாக இருந்தால் மறுநாள் அறைக்கு வந்து எழுது. எதிரில் உட்கார்ந்து எழுதினால் பார்க்கிறவர்களின் முகம் மாறிவிடும்.

அர்ச்சுனன் தபசில் நெடிய தபசு மரம் நட்டு வைத்திருப்பார்கள். இரவெல்லாம் ஆடிய அர்ச்சுனன் பாடிக்கொண்டே அதில் ஏறுவார். சில ஊர்களில் இதைப் பகலிலேயே நடத்துகிறார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் திருநீறும் கீழே போடுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே போனைத் தூக்கிப் படம் எடுக்காதே, பாப்பா. அந்தப் பெண் தன் துக்கத்தோடு நிற்கிறாள். உனக்கு அது காட்சி இல்லை.

இன்னொன்றையும் பார்க்கத் தவறாதே. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வரவேயில்லை என்று பார். விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் தலித் மக்கள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் வருவதை எதிர்த்துத் தகராறு வந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் அந்தக் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். சபை நடுவே ஒரு பெண்ணுக்கு நடந்த அநீதியைப் பார்த்து விடிய விடிய அழுகிற ஊர்களில்தான் இதுவும் நடக்கிறது. கலையின் அழகை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்பினால் நீ பார்த்தது பாதிதான்.

படுகளம் காலையில். மண்ணால் செய்த துரியோதனன் உருவம் மைதானத்தில் மல்லாந்து கிடக்கும். பீமனும் துரியோதனனும் அதன் மேலும் சுற்றிலும் ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடை பிளந்ததும் திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். அதுவரை துரியோதனன் சாக வேண்டும் என்று இருந்த பெண்களே அவன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரியைக் கேட்டு அழுவார்கள். எதிரியின் சாவுக்கும் அழத் தெரிந்த மக்கள் இவர்கள். பிறகு அந்த உருவத்து மண்ணை எடுத்துப்போய் வீட்டிலும் நிலத்திலும் வைத்துக்கொள்வார்கள்.

கலைஞர்களை மறந்துவிடாதே. இன்றைக்கு இங்கே விடிய ஆடிவிட்டு, வேனில் தூங்கிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போவார்கள். மழைக்காலத்தில் ஆட்டம் அநேகமாக இருக்காது. கோடைச் சம்பாத்தியத்தில்தான் வீடு நடக்க வேண்டும். உன்னால் முடிந்ததை அன்பளிப்பாகக் கொடு. கட்டியக்காரன் மைக்கில் உன் பெயரைச் சொல்லி வாழ்த்துவான், கூச்சப்படாமல் எழுந்து கும்பிடு. பெண் வேஷத்தை ஆண்களே கட்டிவந்த இந்தக் கலையில் இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். 1990-ல் கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி ப்ருயினும் சேர்ந்து காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் முறையாகப் பயிற்சி கொடுத்தது. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கூத்தைப் பார்த்துத் தன் நாடகப் பாதையையே மாற்றிக்கொண்டவர் நாடகாசிரியர் ந.முத்துசாமி. அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை 1977-ல் பிறந்தது. கூத்தைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற புத்தகமாக இருக்கின்றன. போய் வந்த பிறகு அதைப் படி. முன்னால் படித்தால் அவர் கண்ணால் பார்ப்பாய்.

அப்பா தயங்கினால் நான் பேசிக்கொள்கிறேன். பார்வையாளர் இருந்தால்தான் கூத்து இருக்கும், படித்த பிள்ளைகள் வந்து விடிய விடிய உட்கார்ந்தால்தான் அடுத்த தலைமுறைக் கலைஞனுக்குத் தன் தொழில்மேல் நம்பிக்கை வரும். அதனால் யூடியூபில் பார்த்தேன் என்று சொல்லாதே. இந்தச் சித்திரைக்கே கிளம்பு, மங்களம் பாடும்வரை எழுந்திருக்காதே.

அன்புடன்,
அத்தை