விளையாட்டுச் சான்றிதழும் உயர்தரப் பெறுபேறும்

வெள்ளத்தாலோ மண்சரிவாலோ இடம்பெயர்ந்து தோட்டத்துக்குத் திரும்பியதும், “முதலில் படிப்பு, விளையாட்டெல்லாம் பிறகு” என்று பிள்ளையைத் தடுக்கிறீர்களா? இரண்டும் சேர்ந்தே பயன் தரும்.

விளையாட்டு, கலை, சாரணியம் போன்றவற்றில் தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட ஏற்பாட்டின் கீழ் சில இடங்களை ஒதுக்குகிறது. ஆனால் அடிப்படைத் தகைமை கட்டாயம்: உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது ‘எஸ்’ சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள். எத்தனை பதக்கம் இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. பாடசாலை மூலம் பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவும் கேட்பார்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை:

1. தற்காலிகமாகப் படித்த பாடசாலையில் விடுகைப் பத்திரத்தையும் வரவு விபரத்தையும் பெற்று, புதிய அதிபரிடம் கொடுங்கள்.

2. சான்றிதழ் நனைந்திருந்தால் அல்லது தொலைந்திருந்தால், அதிபர் ஊடாக உங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்கு (இரத்தினபுரி, பலாங்கொடை, நிவித்திகலை அல்லது எம்பிலிப்பிட்டிய) எழுத்தில் அறிவித்து, உறுதிப்படுத்தும் கடிதம் கேளுங்கள்.

3. எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, பொலித்தீன் உறையில் உயரமான இடத்தில் வையுங்கள்.

பிள்ளை மைதானத்துக்குப் போகட்டும். வகுப்பையும் தவறவிட வேண்டாம்.