கடன் கொப்பியும் பிரசங்க மேடையும்

அன்புள்ள தம்பி,

உமது கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசித்தேன். உபவாசக் கூட்டத்தின் கடைசி இரவில் கர்த்தர் உம்மோடு பேசினார் என்றும், இந்த மாத முடிவில் உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரப் போகிறீர் என்றும், யார் என்ன சொன்னாலும் பின்வாங்க மாட்டீர் என்றும் எழுதியிருக்கிறீர். கர்த்தர் பேசினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், அம்மாவின் பேரில் இரண்டு நுண்கடன் இருக்கிறதென்றும் தங்கச்சிக்குக் கட்டுகிற வீடு கூரை மட்டத்தில் நிற்கிறதென்றும் ஒரு வரி வருகிறது. எனக்கு அந்த வரியைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

நீர் மெதடிஸ்தப் பிள்ளை. ஜோன் வெஸ்லி தம்மோடு ஊழியத்துக்குச் சேர வந்தவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, கடன் இருக்கிறதா என்பது. விசுவாசம், பூரண அன்பு என்று பெரிய விஷயங்களை விசாரித்த கையோடு இதையும் விசாரித்தார். மூக்குப்பொடி, சாராயம் பற்றியும் கேட்டார். மேடை ஏறத் துடிக்கிற பொடியனுக்கு இதெல்லாம் அற்பமாகப் படும். வெஸ்லிக்குப் படவில்லை. ஊரூராகக் குதிரையில் திரிந்த மனுசன். கடன்காரன் வாசலில் நிற்கிற பிரசங்கியாரின் சொல்லை ஊர் எந்த விலைக்கு எடுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

1742இல் பிரிஸ்டலில் நடந்ததைச் சொல்கிறேன். கூட்ட மண்டபம் கட்டிய கடன் சபையின் தலையில் இருந்தது. அடைப்பதெப்படி என்று கூடிப் பேசியபோது, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி போடலாம் என்றார் கப்டன் ஃபோய் என்பவர். அதற்கும் வழியில்லாத ஏழைகள் இருக்கிறார்களே என்று மறுப்பு வந்தது. ஆகவும் ஏழைகளான 11 பேரைத் தம்மிடம் விடச் சொன்னார் அவர். கிழமைதோறும் அவர்களைத் தேடிப் போவதாகவும், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்துத் தாமே போடுவதாகவும் ஏற்றுக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குக் கொஞ்சப் பேரைப் பொறுப்பெடுத்தார்கள். பென்னி வாங்கப் போன இடத்தில் யார் ஒழுங்காக வாழ்கிறார், யார் வழி தவறிப் போகிறார் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. வெஸ்லி அதை இறுகப் பிடித்துக்கொண்டார். மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் அதிலிருந்து பிறந்தது. ஒரு டசின் பேர், ஒரு தலைவர், கிழமைக்கொரு தரம் உமது ஆத்துமா எப்படியிருக்கிறது என்ற விசாரிப்பு. இன்று நாங்கள் சபைக் கட்டொழுங்கு என்று பெரிதாகச் சொல்வதன் வேர் ஒரு கடன் கணக்கில் இருக்கிறது.

இப்போது உமது வீட்டு முற்றத்தைப் பாரும். அங்கேயும் கிழமைதோறும் ஒருவர் காசு வாங்க வருகிறார். அங்கேயும் பெண்கள் குழுவாக இருக்கிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கப்டன் ஃபோய் தானாக முன்வந்து மற்றவர் பங்கைச் சுமந்தார். இங்கே அயல்வீட்டுக்காரி கட்டாயத்தின் பேரில் சுமக்கிறா; பிறகு இரண்டு பேரும் கிணற்றடியில் முகம் பார்ப்பதில்லை. யுத்தத்துக்குப் பிறகு மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்தக் கடன் குடும்பங்களைப் படுத்திய பாட்டை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீர் சம்பளத்தை விட்ட மறு மாதம் அம்மாவின் பங்கை யார் கட்டுவார்? அந்தக் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள். உமது அழைப்புக்கு அவர்கள்தான் செலவு கொடுக்கப் போகிறார்கள், தம்பி. அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கடனே பாவம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மிசனே கடன் காசில்தான் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. மிசனரிமாரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட கலாநிதி தோமஸ் கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்துபோனார். பயணத்தின் பொறுப்பெல்லாம் அவர் கையில் இருந்தபடியால், கூட வந்த இளம் மிசனரிமார் பம்பாயில் கைச்செலவுக்கும் வழியில்லாமல் இறங்கினார்கள். ஒரு வணிகர் நம்பிப் பணம் கொடுத்தார். அவர்களுக்குப் பின்னால் ஒரு சபை இருந்தது, அது பொறுப்பேற்கும் என்று அவருக்குத் தெரியும். உமக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று எழுதவில்லையே? காலிக்கு வந்து சேர்ந்த பிறகும் அவரவர் மனம்போன திசைக்குப் போகவில்லை அவர்கள். கூடியிருந்து பேசி, யார் எந்த ஊருக்கு என்று தீர்மானித்தார்கள். வில்லியம் ஓல்ட்டுக்கு மட்டக்களப்பு விழுந்தது.

வாவிக்கரையில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, தனி ஆளாக இங்கே வந்தார். தமிழ் படித்தார். எட்டுப் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். 1815 ஏப்ரலில் காலமானார். வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அவசரப்பட ஒருவருக்கு நியாயம் இருந்ததென்றால் அது ஓல்ட்டுக்குத்தான். அவரோ உட்கார்ந்து அரிவரி படித்தார், பிள்ளைகளுக்கு வாத்தியார் தேடினார். இன்றைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை 1814இல் இருந்துதான் எண்ணுகிறது.

இப்படிப் பொறுமையாக உழைத்தவர்கள் எங்கள் சபைக்காரர் மட்டுமல்ல. அமெரிக்காவிலிருந்து 1948இல் வந்த இயேசு சபைக் குரு பென்ஜமின் மில்லரை நீர் கண்டிருப்பீர். புனித மிக்கேல் கல்லூரியில் பணி செய்தவர், 2019ஆம் ஆண்டின் முதல் நாளில் மட்டக்களப்பிலேயே கண் மூடினார். யுத்த காலத்தில் சமாதானக் குழுவில் இருந்து, காணாமற்போனவர்களின் தாய்மார் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அவரோடு வேலை செய்த யூஜின் ஹீபர் அடிகள் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு, வழியில் காணாமலே போனார். கூடப்போன பொடியனும் போய்விட்டான். அதற்குப் பிறகும் மில்லர் அடிகள் ஊரை விட்டுப் போகவில்லை. பேரும் திகதியும் எழுதுகிற வேலையை யாரும் எழுப்புதல் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பிரசங்கம் தெரியாது.

பிரசங்கம் என்றபடியால் இரண்டு சங்கதி. எங்கள் வாவியின் பாடும் மீனை உவமையாக எடுக்காதேயும். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதைக் கேட்டுச் சலிக்காத சபை கிடையாது. மற்றது, போன மாதம் நீர் சீயோன் தேவாலயத்துக் குண்டுவெடிப்பைப் பற்றிப் பேசியது. 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்துப்போனார்கள். தேவன் ஏன் அதை அனுமதித்தார் என்று மூன்று காரணம் அடுக்கினீர். பின் வாங்கில் இருந்த ஒரு தாய் எழும்பி வெளியே போனதைப் பார்த்தீரா? தெரியாத இடத்தில் வாயை மூடுவதும் ஊழியப் பயிற்சியில் ஒரு பாடம். நீதிமொழிகளில் எத்தனையோ வசனம் நாவைப் பற்றித்தான்.

கலியாண விஷயத்தில் தரிசனம் கண்டதாக எழுதியிருக்கிறீர். அந்தப் பிள்ளையிடம் கேட்டீரா? முதலில் கேளும்.

என்னிடம் புத்திமதி கேட்டீர். இதுதான் என் புத்திமதி. இராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். உள்ளூர்ப் பிரசங்கிமாருக்கான பாடங்களை முதலில் எழுதி முடியும். கடன் இரண்டும் அடையட்டும். தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை ஏறட்டும். இந்த ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு என்பது அவளுடைய வாழ்க்கை, அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து குடும்ப ஆசீர்வாதத்தைப் பற்றிப் பேச உமக்கு வாய் வராது. இதெல்லாம் முடிய இரண்டு வருசம், மூன்று வருசம் போகலாம். அதற்கிடையில் சனி, ஞாயிறு உம்முடையதுதானே. கூட்டத்து இரவின் சூடு தணிந்த பிறகும், சம்பள நாளில் காசை எண்ணுகிற போதும் அந்த அழைப்பு உமக்குக் கேட்குமென்றால், சேகரக் கூட்டத்தில் உமக்காக முதலில் எழும்பிக் கதைக்கிறவன் நானாக இருப்பேன். அப்போது உம்மைத் துருவித் துருவிக் கேட்பார்கள். கோபிக்காமல் பதில் சொல்லும். கேள்வி கேட்க ஆளில்லாத ஊழியக்காரர்கள் இந்தக் கரையிலும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே போய் முடிந்தார்கள் என்று உமக்கும் தெரியும்.

வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வாரும். அம்மாவின் கடன் கொப்பிகள் இரண்டையும் கொண்டு வாரும், வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு மிச்சம் என்று இருந்து பார்ப்போம். தங்கச்சியும் வரட்டும். கணக்கில் அவதான் கெட்டிக்காரி என்று அம்மா சொன்னவ.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உமது பழைய வாத்தியார்