பாடம் 7: கஞ்சாவும் வளரும் மூளையும்

பருத்தித்துறை தொடக்கம் வெற்றிலைக்கேணி வரையான கரையில் கேரள கஞ்சாப் பொதிகள் பிடிபடும் செய்தி எமக்குப் புதியதல்ல. பிடிபடாதவற்றில் ஒரு பகுதி எமது பிள்ளைகளின் கைகளுக்கும் வருகிறது. "அது மூலிகைதானே, நித்திரை வரும், யோசனை போகும்" என்று சொல்லியே கொடுக்கிறார்கள். இது எவ்வளவு உண்மை?

மூளையில் என்ன நடக்கிறது?

மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. முடிவெடுக்கவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் முன்பகுதியே கடைசியாக முதிர்கிறது. நரம்புகளின் தொடர்பாடலைச் சீராக்க மூளையே ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டறிந்தவர்கள், 'ஆனந்த' என்ற சமஸ்கிருதச் சொல்லைக் கொண்டு 'ஆனந்தமைட்' எனப் பெயரிட்டனர். கஞ்சாவில் போதை தரும் ரி.எச்.சி. அப்பொருளின் இடத்தில் போய் அமர்ந்து, அதன் வேலையைக் குழப்புகிறது. வளரும் வயதில் இக்குழப்பம் ஞாபகசக்தியையும் கவனத்தையும் பாதிக்கிறது.

சுவீடனில் இராணுவத்துக்குச் சேர்க்கப்பட்ட சுமார் 45,000 இளைஞரை 15 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். 1987இல் வெளியான முடிவின்படி, 50 தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தோருக்கு மனச்சிதைவு நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. பாவித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் இருந்தால் ஆபத்து அதிகம்.

அப்படியானால் அது மருந்தில்லையா?

மருந்தும் உண்டு. கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத கன்னபிடியோல் என்ற பொருளைச் சுத்திகரித்துச் செய்த மருந்துக்கு, பிள்ளைகளின் கடுமையான இருவகை வலிப்புகளுக்காக 2018இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. எமது நாட்டிலும் ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா அனுமதியுடன் சேர்க்கப்படுகிறது. அங்கெல்லாம் அளவு உண்டு, வைத்தியர் உண்டு. சுருட்டிப் புகைப்பதில் இரண்டும் இல்லை.

நாம் செய்யக் கூடியவை

• படிப்பில் பின்னடைவு, தனிமை, காரணமற்ற சந்தேகம், நித்திரைக் குழப்பம் தெரிந்தால் அடிக்காமல், ஏசாமல் கதையுங்கள்.
• யுத்த நினைவுகளால் நித்திரை வராத பிள்ளைக்கு வேண்டியது சிகிச்சை. மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் கதைக்கலாம்.
• காசுக்குப் பொதி காவுவதும் குற்றமே என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.