மேடை ஏறும் பிள்ளைக்கு

நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயில் விழாவில் ஆடப்போகும் சிறுமியோ, பள்ளி விளையாட்டுக்குத் திருப்பதி போகும் பையனோ, கிளம்பும் முன் வீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

வயதுச் சான்று: தேசியப் பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். 'ஒரு வயசைக் குறைச்சுப் போட்டா என்ன' என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். இளையோர் கிரிக்கெட்டில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தே எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள்.

ஒப்பனை: புது மேக்கப்பை முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அது வேண்டாம். சிவப்பழகு க்ரீம் எதற்கு? சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கும். பிள்ளையின் நிறத்துக்கேற்ற பவுடரே மேடை விளக்கில் எடுப்பாகத் தெரியும்.

உடை இறுக்கமா? தையற்காரரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். வளரும் உடம்பை வருத்தக்கூடாது என்றுதான் உலக ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கான குறைந்தபட்ச வயதை 1997-இல் 16 ஆக்கினார்கள்.

டி.வி. வாய்ப்பு வந்தால்: குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி நாளுக்கு 5 மணி நேரம்தான், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் ஆடவைக்க முடியாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கி வைப்புநிதியாகப் போக வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.