டாலரும் நம் வீட்டுக் கணக்கும்

கவர்னர் காலெட் பெயரால் 18-ஆம் நூற்றாண்டில் அமைந்த நம் காலடிப்பேட்டை, ஏற்றுமதித் துணி நெய்த ஊராகும். இவ்வூரில் பயிலும் பத்தாம் வகுப்பினராகிய நாங்கள், ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதை வரைபடமாக வரைந்து பார்த்தோம்.

1966 ஜூன் 6-இல் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைக்கவே, 4 ரூபாய் 76 பைசாவாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 பைசாவாயிற்று. 1991 ஜூலையில் மீண்டும் குறைத்தபோது சுமார் 26 ரூபாயாயிற்று. 1993 முதல் சந்தையே மதிப்பை நிர்ணயிக்கிறது. 2022-இல் டாலர் 80 ரூபாயைத் தாண்டியது.

ரூபாய் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதியாளருக்கு ஆதாயமே. ஆனால் துறைமுகத்தில் இறங்கி மணலி ஆலைக்குச் செல்லும் கச்சா எண்ணெய்க்குக் கூடுதல் ரூபாய் தரவேண்டும். அச்சுமை லாரி வாடகையில் ஏறி, காய்கறி விலையில் ஏறி, முடிவில் அன்னையரின் சுருக்குப்பையைத் தொடுகிறது.

தோழியரே, நாளிதழில் டாலர் மதிப்பைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அது நம் வீட்டுக் கணக்கே!