நொடிக்குள் ஒரு கலப்பு

நுழையும்முன்

நெருப்பு எரியக் காற்று வேண்டும் என்பதை அனைவரும் அறிவோம். அக்காற்றே ஒலியினும் விரைந்து பாயுமானால், அதில் எரிபொருள் கலப்பதும் எரிவதும் எங்ஙனம்? விண்வெளிப் பயணத்தின் செலவைக் குறைக்கவல்ல விடை இவ்வினாவில் பொதிந்துள்ளது.

புகை கற்பிக்கும் பாடம்

சென்னையின் மேற்கே, பருத்திப்பட்டு ஏரிக்கரைக் கடையொன்றில் ஏற்றிவைத்த ஊதுவத்தியை எண்ணிப் பாருங்கள். அதன் புகை முதலில் கோடுபோல் நேராக எழுகிறது. பின்னர்ச் சுருண்டு, சுழன்று, காற்றில் கரைகிறது. நேராகச் செல்லும்வரை அது மிகுதியாகக் கலப்பதில்லை. சுழல்கள் தோன்றிய பின்னரே விரைந்து கலக்கிறது. வாயுக்களைக் கலக்கும் மத்து இச்சுழல்களே ஆகும்.

விரைவு தரும் இடர்

இன்றைய ஏவூர்திகள் சுமக்கும் உந்துபொருளில் ஏறத்தாழ 70 விழுக்காடு, எரிபொருளை எரிக்க உதவும் ஆக்சிஜனேற்றியே. அச்சுமையைத் தவிர்த்து, வளிமண்டல ஆக்சிஜனையே உள்வாங்கி எரிப்பது ‘ஸ்கிராம்ஜெட்’ பொறி. அதன் எரியறையிலும் காற்று மீயொலி வேகத்திலேயே பாய்கிறது. நொடிக்கு 1,500 மீட்டர் பாயும் காற்று, ஒரு மீட்டர் நீள எரியறையை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காலத்தில் கடந்துவிடும். அதற்குள் ஹைட்ரஜன் கலந்து, தீப்பற்றி, எரிந்து முடிதல் வேண்டும். கலவாத எரிபொருள் எரியாமலே வெளியேறும். மேலும், மீயொலி வேகத்தில் இரு பாய்வுகள் உரசும் எல்லையில் சுழல்கள் எளிதில் வளர்வதில்லை. காலம் சுருங்கும் இடத்திலேயே கலப்பும் மந்தமாகிறது.

இதழ் விரித்த குழல்முனை

இவ்விடரைத் தீர்க்கும் வழியொன்றை 1990களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். வாயு வெளிவரும் குழல்முனையை வட்டமாக அமைக்காமல், மலரிதழ்கள்போல் மடிப்புகளுடன் அமைத்தனர். பாய்வின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்தனர். இதழ்முனையால் கலப்பு விரைவுறுவது புலனாயிற்று. மடிப்புகள், பாய்வுகள் உரசும் பரப்பைப் பெருக்குகின்றன. பாயும் திசையை அச்சாகக் கொண்ட சுழல்களையும் பிறப்பிக்கின்றன.

எனினும், கலப்பு விலையின்றிக் கிடைப்பதன்று. சுழலைப் பெருக்கும் அமைப்பு அழுத்த இழப்பையும் உண்டாக்கும். இழப்பு மிகுந்தால் உந்துவிசை குறையும். மிகுதியாகக் கலத்தல், குறைவாக இழத்தல் ஆகிய இரண்டையும் ஒருங்கே எய்துவதே ஆய்வின் நோக்கம்.

தெரியுமா?

2016 ஆகஸ்டு 28 அன்று இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய ஏவூர்தியில், இரு ஸ்கிராம்ஜெட் பொறிகள் ஒலியைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு வேகத்தில் 5 நொடிகள் இயங்கின. அந்த ஐந்து நொடிகளுக்குப் பின்னே பல்லாண்டு உழைப்பு உண்டு.

கற்பவை கற்றபின்

1. காற்று வீசாத அறையில் ஊதுவத்திப் புகை எவ்வுயரத்தில் சுருளத் தொடங்குகிறது என்பதை உற்றுநோக்கி, உங்கள் கருத்தை எழுதுக.
2. ‘சுமை குறைந்தால் பயணம் எளிதாகும்’ – ஸ்கிராம்ஜெட் பொறியைக் கொண்டு விளக்குக.